நாலு நாட்டில் நாலு விதமாய்

1

எங்கள் அத்தானுக்கு ஒரு சொல் கிடைத்தால் போதும், ஐரோப்பா முழுவதையும் அதற்குள் அடைத்துப் பூட்டிவிடுவார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறார். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஜெர்மனிக்குப் போய் ஒரு தளபாடக் கடையின் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டே வயதாகிவிட்டது. படிப்பிக்க மாணவர் இல்லாத குறைக்கு உறவினர்களாகிய நாங்கள் அகப்பட்டோம். கல்யாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று எங்கே மைக் கிடைத்தாலும் அத்தான் எழும்பிவிடுவார்.

அவருடைய பெட்டியில் முதல் சொல் ‘கிஃப்ட்’. ஆங்கிலேயனுக்கு அது அன்பளிப்பு. அதே எழுத்துக்களை ஜெர்மன்காரனிடம் காட்டினால் நஞ்சு. டென்மார்க்கில் நஞ்சும் அதுதான், கல்யாணம் கட்டியவர் என்பதும் அதுதான். இந்த இடத்தில் நிறுத்தி, மாப்பிள்ளையைப் பரிதாபமாகப் பார்த்து, சபை சிரிக்கும்வரை காத்திருப்பார். சபையும் சிரித்துத் தொலைக்கும். முப்பது கல்யாணத்தில் கேட்ட பகிடிக்கு முப்பத்தோராவது கல்யாணத்திலும் சிரிப்பதற்கு எங்கள் ஆட்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

நோர்வேயில் இருக்கும் என் தம்பிக்கும் இந்த வியாதி தொற்றிவிட்டது. டேனிஷில் ‘கிரீன’ என்றால் சிரிப்பது, நோர்வேயில் அதே சொல்லுக்கு அழுவது என்று கண்டுபிடித்து அத்தானுக்குக் கொடுத்ததே அவன்தான். ‘ஃப்ரோகொஸ்ட்’ நான் இருக்கும் டென்மார்க்கில் மதியச் சாப்பாடு, அங்கே காலைச் சாப்பாடு. இதைக் கண்டுபிடித்தபோது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் அடி விழுந்தது. முதல்முறை இங்கே வந்தவனை எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஃப்ரோகொஸ்டுக்குக் கூப்பிட, காலை எட்டு மணிக்கே சேர்ட் போட்டு, பூங்கொத்தோடு போய் மணி அடித்துவிட்டான். அவள் இரவு உடுப்போடு வந்து கதவைத் திறந்தாள். நாலு மணித்தியாலம் அவளுடைய நாயோடு இருந்துவிட்டுத்தான் சாப்பிட்டான்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், அத்தான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஊரில் உங்களில் சிலர் வாசித்தும் இருப்பீர்கள். ‘சொல் ஒன்று பொருள் பல’ என்று தலைப்பாம். “அண்மையில் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகருக்கு ஒரு பயணம் மேற்கொண்டிருந்தபோது” என்று தொடங்குகிறார். கடைக்கண்ணாடியில் கண்ட ஒரு சொல்லைப் பற்றி இரண்டு பந்தி எழுதியிருக்கிறார். எஸ்பியர்க்குக்கு எதற்காக வந்தார் என்று ஒரு வரி இல்லை. அவர் விட்ட வரியை நான் எழுதுகிறேன்.

2

எனக்கு இரண்டு அண்ணன்மார். பெரியண்ணை லண்டனில். சின்னண்ணை எங்களோடு இங்கே எஸ்பியர்க்கில் இருந்தவர். மீன் தொழிற்சாலையில் குளிரறை யந்திரங்களைத் திருத்துகிற வேலை. சமாதானம், சமாதானம் என்று எல்லோரும் சொன்ன காலத்தில் அதை நம்பிய ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார் என்றால் அது அவர்தான். கிளிநொச்சியில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடை போடப் போகிறேன் என்று போய்விட்டார். கடையையும் போட்டார்.

அவருடைய மனைவியை நான் மச்சாள் என்பேன். பிள்ளைகள் இல்லை. இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. கடை காலூன்றியதும் வந்துவிடுகிறேன் என்று இங்கேயே நின்றுவிட்டார். கடை காலூன்ற முதலே மறுபடி சண்டை தொடங்கி, கிளிநொச்சிக்குப் போகிற பாதை பூட்டுப்பட்டது.

நகரசபையை இங்கே கொம்யூன் என்பார்கள். நாட்டைவிட்டுப் போனவர் என்று சின்னண்ணையின் பெயரை அது தன் பதிவிலிருந்து எடுத்துவிட்டது. வீட்டுவாடகை உதவிக்காக மச்சாள் அங்கே போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: இப்போதும் நீர் கல்யாணம் கட்டியவர்தானா? கேட்கிற பிள்ளைக்கு என் மகளின் வயதுகூட இருக்காது போல் தெரியும். அவளுடைய கணினியில் கட்டியவர், பிரிந்தவர், விதவை என்று மூன்று கட்டம் இருந்தது. புருசன் வன்னியில் கடை வைத்திருக்கிறார் என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. மச்சாள் ஒவ்வொருமுறையும் “கிஃப்ட்” என்று சொல்லிவிட்டு வருவார். அத்தான் இதைக் கேட்டுவிட்டு ஆகா என்றார். நல்ல உதாரணமாம்.

2009 மே மாதம் போர் முடிந்தது. நான் ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை செய்கிறேன். ஆசிரியர்கள் தேநீர் குடிக்கும் அறையில் பத்திரிகை விரித்தபடி கிடந்தது. தலைப்பில் கடைசிச் சொல் ‘ஸ்லுட்’. டேனிஷில் முடிவு என்று அர்த்தம். படம் முடிந்தாலும் அதுதான், பள்ளிக்கூடம் விட்டாலும் அதுதான். அதே எழுத்துக்கள் ஆங்கிலத்தில் ஒரு பெண்ணைத் திட்டுகிற வசை. மேசையைத் துடைக்கிற துணியோடு நின்று அதைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஆங்கில அர்த்தம்தான் பொருத்தமாகப் பட்டது.

என்னோடு வேலை செய்கிற பென்ட என்கிறவள் நல்ல மனிசி. வெள்ளிக்கிழமை காலையில் வெதுப்பகப் பணிஸ் வாங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். அந்த வெள்ளி அவள் கேக் செய்து, அதில் கடதாசிக் கொடி குத்தி, என் முன்னால் வைத்து வாழ்த்துச் சொன்னாள். உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாம், இனி வீட்டுக்குப் போகலாமாம். இவர்களுக்கு நாய்க்குட்டி பிறந்தாலும் கொடி, எந்த நாட்டில் போர் முடிந்தாலும் கொடி. கோபப்பட்டுப் பயனில்லை. அவள் பத்திரிகையில் இருந்ததை வாசித்தாள், அவ்வளவுதான்.

அதற்கடுத்த நாள் தம்பி நோர்வேயிலிருந்து தொலைபேசி எடுத்தான். வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில், சின்னண்ணையின் பக்கத்துக் கடைக்காரர் பேசியிருக்கிறார். ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள். சின்னண்ணை தண்ணீர் எடுக்க வெளியே போன இடத்தில் ஷெல் விழுந்தது. அந்த மணலிலேயே தோண்டிப் புதைத்தவரும் அந்தக் கடைக்காரர்தான். சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை. நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

3

எங்கள் ஆட்கள் சாவைத் தொலைபேசியில் சொல்லமாட்டார்கள். “கொஞ்சம் கடுமையாம்” என்பார்கள். ஊரில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அடுத்த பேருந்தில் ஆள் வந்து இறங்கி, கையைப் பிடித்துக்கொண்டு நேரே சொல்லும்வரைக்கும் ஒரு சின்னப் பொய். நாங்கள் அந்தப் பொய்யை ஐரோப்பாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். இங்கே பேருந்துக்குப் பதில் விமானம், விமானத்துக்கு லீவு, லீவுக்கு முதலாளியின் சம்மதம். ஒரு மணித்தியாலப் பொய் கிழமைக் கணக்காக நீண்டது.

அன்று பின்னேரம் நாலு நாடும் ஒரே தொலைபேசியில் கூடிக் கதைத்தோம். அத்தான் தலைமை தாங்கினார், வேறு யார்? மச்சாள் தனியே இருக்கிறா, திடீரென்று சொன்னால் தாங்கமாட்டா, எல்லோரும் சேர்ந்து போய்த்தான் சொல்ல வேண்டும் என்றார். தன்னுடைய லீவு ஜூனில்தான் என்பதையும் அடுத்த மூச்சில் சொன்னார். அதுவரை யாரும் வாய் திறக்கக்கூடாது, மனதை மெல்ல மெல்லத் தயார்ப்படுத்தினால் போதுமாம்.

நான் இன்றைக்கே போய்ச் சொல்கிறேன், நடந்துபோகிற தூரம்தானே என்றேன். பெரியண்ணை உறுக்கினார். மூத்தவர் இருக்க நீ யார் சொல்வதற்கு என்றார். அக்கா தொலைபேசிக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். அவளை அடக்கச் சொல்லி அத்தான் யாருக்கோ சொன்னது கேட்டது.

மெல்ல மெல்லத் தயார்ப்படுத்துவது என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். அத்தான் மச்சாளுக்கு எடுத்து, சின்னண்ணைக்குக் காலில் காயம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார். பெரியண்ணை எடுத்து, ஆளைக் காணவில்லையாம், பெயரைப் பதிந்திருக்கிறோம் என்றார். தம்பி இளகின மனம் படைத்தவன். மச்சாளின் குரலைக் கேட்டதும் தாங்காமல், முகாமில் கண்டவர் இருக்கிறாராம் மச்சாள், மெலிஞ்சுபோனாராம் என்று சொல்லிவிட்டான். நான் தினமும் போய் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு துண்டாக வெட்டி நாலு சோற்றுக் கோப்பையில் மறைத்தோம்.

மச்சாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. பாவம், நம்பிக்கொண்டிருக்கிறா என்று அத்தானுக்குச் சொன்னேன். நல்லது, அப்பிடியே இருக்கட்டும் என்றார்.

4

என் மகள் ஆரணி ஜிம்னாசியத்தில் படிக்கிறாள். இங்கே ஜிம்னாசியம் என்றால் உயர்வகுப்புப் பள்ளிக்கூடம். பெரியண்ணை, பிள்ளை ஏன் நாள் முழுக்க உடற்பயிற்சி செய்கிறாள் என்று ஒருமுறை கேட்டார். லண்டனில் முப்பது வருடம் இருந்தவர்.

நான் தமிழில் கேட்டால் ஆரணி டேனிஷில் பதில் சொல்வாள். அது எங்கள் வீட்டில் பழகிப்போன சண்டை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போய் இழுத்துக்கொண்டு வந்தேன். மச்சாளோடு மட்டும் பாதித் தமிழில் கதைப்பாள். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கடற்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வருவார்கள். நாலு நாட்டுக் கூட்டத்தை நான் ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தபோது இவள் படிக்கட்டில் இருந்து முழுவதையும் கேட்டுவிட்டாள்.

ஏன் எல்லோரும் பொய் சொல்கிறீர்கள் என்று டேனிஷில் கேட்டாள். இது பொய் இல்லை, எங்கட முறை என்றேன். மாமிக்கு அவரின் புருசனைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்றாள். உரிமை என்ற சொல்லை இங்கே பாலர் வகுப்பிலேயே படிப்பித்துவிடுகிறார்கள். நீ வாய் திறந்தால் மாமி செத்துப்போவா என்று பயமுறுத்தினேன். அந்த ஞாயிறு அவள் சைக்கிளில் போகவில்லை. தலையிடி என்று மச்சாளுக்குச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அதுவும் ஒரு பொய்தான், ஆனால் அந்தப் பொய் சொல்ல நேர்ந்ததற்கு அவள் அழுதாள்.

எங்கள் பிள்ளைகள் வழிதவறிப் போகிறார்கள் என்று கூட்டம் கூட்டமாகக் கவலைப்படுகிறோம். எந்த வழியிலிருந்து தவறுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

5

ஜூனில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அக்காவைக் கொண்டுவரவில்லை. கண்டதும் ஒப்பாரி வைத்துவிடுவாள், காரியம் கெட்டுவிடும் என்று அத்தான் அவளை டோர்ட்முண்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். செத்தது அவளுடைய கூடப்பிறந்தவன். என் கணவருக்கு அன்று தொழிற்சாலையில் வேலை. ஆரணி வரமாட்டேன் என்றுவிட்டாள். மாமியை ஏமாற்றிக்கொண்டு மாமியின் சாப்பாட்டைச் சாப்பிட என்னால் முடியாது என்றாள்.

சாப்பாடு என்பது அத்தானின் ஏற்பாடு. செய்தியைச் சொல்லிவிட்டால் அது சாவீடு. பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. தூரத்திலிருந்து வந்தவர்கள் என்ன செய்வது? ஆகவே சும்மா பார்க்க வருகிறோம் என்று மச்சாளுக்குச் சொல்லி, மத்தியானம் அங்கே சாப்பிட்டு, கை கழுவிய பிறகு பெரியண்ணை சொல்வதென்று தீர்மானம். “சாப்பிட்டு முடியட்டும்” என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். புருசனை இழந்தவளைக் கொண்டே சாவீட்டுச் சனத்துக்கு விருந்து சமைப்பிக்கிற கெட்டித்தனம் எங்கள் குடும்பத்துக்குத்தான் வரும்.

மச்சாளின் வீட்டுக்கு நடந்துபோகிற வழியில் கடைகளில் மலிவு விற்பனை. வசந்தகால விற்பனையின் கடைசி நாட்களாம், கண்ணாடி முழுக்க ‘ஸ்லுட்’ என்ற அந்தச் சொல் சிவப்பில் ஒட்டியிருந்தது. பெரியண்ணை கண்டுவிட்டார். லண்டன்காரருக்கு அது வசைச் சொல்லல்லவா? நின்றார். சிரித்தார். அதற்குப் பக்கத்தில் அத்தானை நிறுத்திப் படம் எடுத்தார். அத்தான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்தச் சொல் ஜெர்மன் மொழியிலும் வேறு வடிவத்தில் இருக்கிறது என்று தொடங்கினார். கட்டுரையின் இரண்டு பந்தியும் பிறந்த இடம் அதுதான். தம்பி மட்டும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மச்சாள் கதவைத் திறந்து, வாங்கோ என்று சிரித்தார். வீடு முழுக்க ஆட்டிறைச்சிக் கறி மணத்தது. சோறு, இறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, பொரித்த மிளகாய் எல்லாம் மேசையில் தயார்.

நாங்கள் சாவுத் துடக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அது. கூடப்பிறந்தவர் செத்து முப்பத்தொரு நாள் முடியாமல் ஊரில் என்றால் மச்சம் மாமிசம் தொடுவோமா? பெரியண்ணை இறைச்சிக் கோப்பையைப் பார்த்துவிட்டு அத்தானைப் பார்த்தார். அத்தான் என் காதுக்குள், வேண்டாம் எண்டால் சந்தேகம் வந்திடும், எல்லாரும் சாப்பிடுங்கோ என்றார். இரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக இரண்டுமுறை போட்டு எலும்பையும் உறிஞ்சினார். பெரியண்ணை முதலில் தயங்கிப் பிறகு நன்றாகவே சாப்பிட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். எனக்குப் போட்ட இரண்டு துண்டையும் நானும் சாப்பிட்டேன்.

மச்சாள் பரிமாறிக்கொண்டே இருந்தார். நீங்களும் இருங்கோ என்று தம்பி சொன்னதற்கு, பிறகு சாப்பிடுறன் என்றார். அத்தான் சாப்பாட்டுக்கு நடுவில் கிரீன என்ற சொல்லை எடுத்து, ஒருவன் சிரிக்க மற்றவன் அழுகிறான் பாருங்கோ என்று விளக்கினார். யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் குறை.

6

கை கழுவி வந்து உட்கார்ந்ததும் பெரியண்ணை தொண்டையைச் செருமினார். பிறப்பு இறப்பு எல்லாம் எங்கட கையில் இல்லை, எழுதினபடிதான் நடக்கும் என்று எங்கேயோ தூரத்தில் தொடங்கினார். மச்சாள் வெறுங்கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நின்றார். பெரியண்ணை எங்கே போய்ச் சேரப் போகிறார் என்பதற்குக் காத்திருக்கவில்லை.

“அவர் செத்திட்டார் எண்டு எனக்குத் தெரியும்” என்றார்.

அத்தான் என்னைத் திரும்பி முறைத்தார், நான் சொல்லிவிட்டேன் என்று. மச்சாள் அதைக் கண்டுவிட்டார்.

“அவளைப் பாக்காதேங்கோ. ஒருத்தரும் சொல்லேல்லை. அவர் ஊருக்குப் போன நாளிலையிருந்து ஒரு வருசப்பிறப்புக்கும் எனக்கு ரெலிபோன் எடுக்காத ஆக்கள், அந்தக் கிழமை ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தர் எடுத்தியள். நீங்கள் ஆஸ்பத்திரி எண்டியள். லண்டனிலையிருந்து பெரியத்தான் காணேல்லை எண்டார். தம்பி முகாம் எண்டான். உயிரோடை இருக்கிற மனுசன் ஒரு இடத்திலைதான் இருப்பார்.”

தம்பி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். மச்சாள் அவனுடைய தலையில் கையை வைத்தார், எடுத்தார். குரல் உயரவில்லை. முதியோர் இல்லத்தில் யாருக்கோ மருந்து கொடுக்கிற நேரம் பேசுவதுபோலத்தான் பேசினார். நாங்கள் சொல்லாமல் தான் பொட்டை அழித்தால் புருசன் சாகவேண்டுமென்று நின்றவள் என்று நாளைக்கு நாங்களே கதைப்போமாம். அதனால் தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாராம். வேலையில், வீட்டில், சைக்கிளில், ஒரு இடத்திலும் அழவில்லையாம்.

பெரியண்ணை, உமக்குத் தாங்காது எண்டுதான் பிள்ளை என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

“இண்டைக்கு ஏன் வாறியள் எண்டும் தெரியும். இறைச்சி காய்ச்சினது அதுக்குத்தான். அவருக்காக ஒருத்தராவது கோப்பையைத் தள்ளி வைப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அத்தானுக்கு ஐந்து மொழியில் சொல் தெரியும். ஒரு மொழியும் உதவவில்லை. பெரியண்ணை மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். மச்சாள் கோப்பைகளைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு, அடுப்பு நின்றிருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, திரும்பி வந்து எங்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

“எல்லாரும் வடிவாச் சாப்பிட்டியள்தானே. இனி எழும்பிப் போங்கோ. நான் அழ வேணும்.”